கேமராக் கடைக்கு ஒதுக்கப்பட்ட சின்னம்

காரைக்கால் கடைத்தெருவில் அருளானந்தத்தின் கேமராக் கடைக்கு ஆள் வரத்துக்குக் குறைச்சலே இல்லை. வருவார்கள், கேமராவைத் தூக்கிப் பார்ப்பார்கள், லென்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரிப்பார்கள். அப்புறம் "பார்த்துட்டு வர்றேண்ணே" என்று வெளியே போய், அதே கேமராவைப் போனில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். பார்சல் வந்ததும் அதை எப்படி ஆன் பண்ணுவது என்று கேட்க அவரிடமே வருவார்கள். இப்படியே இன்னும் ஆறு மாதம் போனால் கடையை மூடவேண்டியதுதான், பாவம் மனுஷன்.

அந்த நேரம் பார்த்து, பெரிய கம்பெனி எதையும் சாராத 'இன்டிபென்டன்ட்' கடைகளை வாழவைக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. தமிழில் எழுதிய புண்ணியவான் 'சுயேச்சைக் கடைகள்' என்று எழுதிவைத்தார். அருளானந்தமும் மனுப் போட்டார். சுயேச்சை என்றால் கோப்பு எங்கே போகும்? நேரே தேர்தல் பிரிவுக்குப் போய்விட்டது.

"எந்தக் கட்சியிலயாவது இருக்கீங்களா?" என்று கேட்டார் அந்தப் பிரிவு அதிகாரி சோமசேகரன்.

"இது கடைங்க சார்."

"கடை எந்தக் கட்சியிலயும் இல்லைன்னு எழுதிக் கொடுங்க. சின்னம் என்ன வேணும்?"

அருளானந்தம் யோசித்தார். "கேமராவே கொடுத்துடுங்க சார்."

"சொந்தத் தொழிலையே சின்னமாக் கொடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லீங்களா?"

மேற்படி மனுவைத் தீர ஆராய்ந்து, அன்னாருக்கு இஸ்திரிப்பெட்டிச் சின்னம் ஒதுக்கி ஆணையிடப்பட்டது. சின்னத்தை வாசலில் ஆறடிக்குக் குறையாமல் வரையவேண்டும் என்பது நிபந்தனை.

வரைந்தார். மறுநாளே கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒருவர் நாலு வேட்டியோடு வந்து நின்றார். அருளானந்தம் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மனைவி சலோமி வேட்டிகளை வாங்கி வைத்துவிட்டாள்.

"வாங்குறதுக்குன்னு வந்த ஒரே ஆளு. அவரையும் விரட்டிடாதீங்க" என்றாள்.

ஒரே மாதத்தில் கேமரா அலமாரி முழுக்கத் தேய்த்த சட்டைகள். ஆய்வுக்கு வந்த சோமசேகரன், 'கேமராக் கடை புத்துயிர் பெற்றது' என்று அறிக்கை எழுதினார். அத்தாட்சிக்குத் தன் போனிலேயே ஒரு படம் பிடித்துக்கொண்டார். கையோடு கொண்டுவந்த இரண்டு பேன்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை குவிந்ததால் இன்னொரு இஸ்திரிப்பெட்டி தேவைப்பட்டது. அருளானந்தம் பக்கத்திலிருக்கும் இக்பாலின் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், எடை கேட்டார், வாட்ஸ் கேட்டார். இக்பால் அதைப் பிளக்கில் போட்டுச் சூடாக்கியே காட்டினார். அருளானந்தம் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பார்த்துட்டு வர்றேன் தம்பி."

இக்பால் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி ஆறட்டும் என்று காத்திருந்து, அட்டைக்குள் திருப்பி வைத்தார்.

"அண்ணே, அந்தத் தேர்தல் ஆபீஸ் சார் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு? கேமரா சின்னம் இன்னும் காலியாத்தானே கிடக்கு?"