தாசையா வாங்கிய சிவப்புக் கார்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் பாட்டுக்குழுவில் இருக்கிற கனகபாய் அக்கா. போன வருஷம் அசன விருந்துக்கு முந்தின நாள் காலை, பெண்கள் எல்லாரும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். மதிலுக்கு வெளியே ஒரு கார் வேகத்தடையில் 'டங்' என்று இடித்துவிட்டுப் போனது. அக்கா தலையைத் தூக்காமலே, "தாசையா போறான்" என்றாள். அது யாரு அக்கா என்று கேட்டேன். கத்தரிக்காய் தீருகிற வரைக்கும் சொன்னாள். அவள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். நடுவில் ஒன்றிரண்டு நானாகச் சேர்த்திருப்பேன். அதை ஆண்டவர் மன்னிப்பார்.

ஒரு காட்டில், நம் ஊர் மாதிரியே பஞ்சாயத்தும் ரேஷன் வரிசையும் மூன்று பிரதிப் படிவமும் உள்ள ஒரு காட்டில், தாசையா என்று ஒரு வண்டிக்காளை இருந்தார். அவருக்குக் குடிநீர்ப் பிரிவில் தண்ணீர் வண்டி இழுக்கிற உத்தியோகம். காலையில் ஊற்றில் பீப்பாயை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், ஒரே சாலையில் நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். குரங்கு வீட்டில் குடத்தைத் தேடுவார்கள். கரடி வீட்டில் கதவைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். மயில் வீட்டில், "நேத்து அரைக் குடம் குறைச்சலா ஊத்தினீங்க" என்று ஒரு சண்டை நடக்கும்.

இதற்குள் பின்னால் ஒரு ஆமை வந்துவிடும். பெயர் பாக்கியநாதன். ரேஷன் கடையில் முதல் ஆளாக நிற்பதற்காகத் தினமும் அதே சாலையில்தான் போவான். தாசையா மூன்றாவது வீட்டில் நிற்கும்போது பாக்கியநாதன் அவரைத் தாண்டுவான். தாண்டும்போது கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்து, "வாரேன் அண்ணாச்சி. மெல்ல வாங்க" என்பான்.

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் முப்பத்து நாலு வருஷம் தினமும் ஒரு ஆமை ஒருவரைத் தாண்டிப் போய், மெல்ல வாங்க என்று சொன்னால் என்ன ஆகும்? தாசையா அசை போடுவார்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் ஆலமரத்தடியில் விழா வைத்தார்கள். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வாழ்த்திப் பேச வந்த பாக்கியநாதன் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டு, "முப்பத்து நாலு வருஷமா அண்ணாச்சியை நான் தினமும் தாண்டிப் போயிருக்கேன். ஒருநாள்கூட அவர் முகம் சுளிச்சதில்ல. அப்படி ஒரு பொறுமை!" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். தாசையா கும்பிட்டார். கும்பிட்ட முகத்தைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அன்னபுஷ்பத்திடம் சொன்னார்: "நான் கார் வாங்கப் போறேன்."

அன்னபுஷ்பம் நல்ல பசு. காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள். "கார் எதுக்குங்க? எங்க போகப் போறோம்?"

"எங்கயும் போகல. அந்தப் பாக்கியநாதனை ஒரே ஒரு நாள் தாண்டணும். திரும்பிப் பார்த்து, 'வாரேன், மெல்ல வா'ன்னு சொல்லணும். அது போதும் புஷ்பம். அதுக்குப் பிறகு ஆண்டவர் எப்பக் கூப்பிட்டாலும் போறேன்."

அடுத்த காட்டில் வேலை பார்க்கும் மகன் ஜெபசிங்குக்கு போன் போட்டார்கள். அவன், "அப்பா, வாங்குறதுதான் வாங்குறீங்க, ஏழு பேர் உட்காருற வண்டியா வாங்குங்க. லீவுக்கு வந்தா எல்லாரும் சேர்ந்து போகலாம்" என்றான்.

"நீ லீவுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சேப்பா."

"வருவோம்லா. பெரிய கார் இருந்தா வருவோம்."

மறுநாள் இரண்டு பேரும் கார்க் கடைக்குப் போனார்கள். கழுத்தில் டை கட்டிய நரி ஓடிவந்து மோர் கொடுத்தது. முதலில் மகன் சொன்ன ஏழு சீட் வண்டியைக் காட்டியது. தாசையா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது என் தண்ணி வண்டிக்கு மேல்கூரை போட்ட மாதிரி இருக்கு" என்றார். அடுத்து உயரமாக ஒரு வண்டி. "ஏறி இறங்க லேசு சார். மூட்டுவலிக்காரங்க எல்லாரும் இதைத்தான் எடுக்காங்க" என்றது நரி.

"எனக்கு மூட்டுவலின்னு யாருய்யா சொன்னா?" என்றார் தாசையா, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அப்போதுதான் மூலையில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு நின்றது. அன்னபுஷ்பம் நரியிடம் ரகசியமாக, "தம்பி, இதுக்கு மீதி எங்க?" என்று கேட்டாள்.

"இது ஸ்போர்ட்ஸ் கார்ம்மா. வண்டியே இவ்வளவுதான். எடை ரொம்பக் கம்மி. தரையைத் தொட்ட மாதிரியே போகும்."

"தரையைத் தொட்டுக்கிட்டுப் போறதுக்கு நடந்தே போகலாமே?"

அதற்குள் தாசையா உள்ளே போக ஆரம்பித்திருந்தார். இரண்டு குரங்குகள் பின்னாலிருந்து தள்ளின. கொம்பு இடித்தது. நரி ஒரு பித்தானை அமுக்கியது, மேல்கண்ணாடி திறந்தது, கொம்பு இரண்டும் வெளியே வந்து நின்றன. "பார்த்தீங்களா சார்! உங்களுக்காகவே செஞ்சது."

"ஏற இவ்வளவு நேரமாச்சே. இறங்க?"

"இறங்க மனசே வராது சார். ஆமா, எதுக்காக எடுக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"ஒரு ஆமையைத் தாண்டணும்."

நரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தாராளமா சார். ஆமைக்குச் சாதா மாடலே போதும். மேல் மாடல் எடுத்தா முயலையே தாண்டலாம்."

"முயல் எனக்கு ஒரு கெடுதலும் செய்யலையே" என்றார் தாசையா. அவர் மனசு அப்படி. சாதா மாடலையே எழுதிக் கொடுத்தார்.

அடுத்து லைசென்ஸ். வரிசையில் இரண்டு நாள் நின்று மேஜைக்குப் போனால், முள்ளம்பன்றி குமாஸ்தா படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டது: "வாகனம் ஓட்டுவதில் முன் அனுபவம்?"

"முப்பத்து நாலு வருஷம்."

"ஓட்டினீரா, இழுத்தீரா?"

"இழுத்தேன்."

"இழுத்ததுக்குக் கட்டம் இல்ல. 'ஏதுமில்லை'ன்னு எழுதும்."

தாசையா எழுதினார். மூன்று பிரதியிலும் எழுதினார்.

கார் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அன்னபுஷ்பத்துக்குத் தூக்கம் போய்விட்டது. "ஆண்டவரே, அவர் ஆசையையும் கெடுக்காதேயும், அவர் எலும்பையும் முறியவிடாதேயும்" என்று ஜெபித்தாள். ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கலாம் அல்லவா? நம்மால் அப்படி இருக்க முடியாது. ஜெபித்துவிட்டு, பஞ்சாயத்துக்கு ஒரு மனுவும் எழுதினாள். தன் வீட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டுத்தர வேண்டும், உயரமாகப் போட வேண்டும் என்று. பிறகு அதை மற்றத் தாள்களோடு கணவர் முன்னால் வைத்து, "இங்க வைங்க, இங்க வைங்க" என்றாள். வீட்டு வரியிலிருந்து மகன் கல்யாணப் பத்திரம் வரைக்கும் அவள் காட்டிய இடத்தில் குளம்பை வைத்தே பழகியவர் தாசையா. இதிலும் வைத்தார்.

ஒரு வீட்டுக்கு வேகத்தடை என்றால் மற்ற வீடுகள் விடுமா? "அவங்க வீட்டு முன்னால மட்டும் என்ன ஒசத்தி?" என்று மயில் கேட்டது. எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கரடி சொன்னது. இரண்டே வாரத்தில் நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் காட்டுப்பன்றி காண்ட்ராக்டர் கரையான் புற்று மண்ணைக் குவித்து மெத்தி மேடு போட்டான். "வெள்ளைக்கோடு?" என்று கேட்டதற்கு, "அது அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு" என்றான். தாசையா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெரிய சக்கரத்தோடு காலமெல்லாம் போனவருக்கு இந்த மேடு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

கார் வந்த நாளில் ஜெபம் பண்ண கொக்குப் போதகர் வந்தார். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடினார். காட்டிலுள்ள சகல வாகனங்களுக்காகவும், அவற்றை வாங்க முடியாதவர்களுக்காகவும், வாங்கிவிட்டு வருந்துகிறவர்களுக்காகவும் ஜெபித்தார். நடுவில் காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "தயவுசெய்து கதவை மூடவும்" என்றது. கூட்டம் "ஆமென்" என்றது.

ஜெபம் முடிந்த நேரம் பாக்கியநாதன் ரேஷன் பையோடு சாலையில் வந்தான். காரைப் பார்த்து நின்றான். "மங்களமா இருக்கு அண்ணாச்சி. எங்க புறப்பாடு?"

"முன்னால போ. வாரேன்" என்றார் தாசையா. குரங்குகள் தள்ள, உள்ளே ஏறினார். வேத புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அன்னபுஷ்பமும் ஏறினாள். பாக்கியநாதன் முப்பது அடி போகிற வரைக்கும் தாசையா காத்திருந்தார். முப்பத்து நாலு வருஷம் காத்தவர். பிறகு அமுக்கினார்.

உயரத்தில் நின்று பார்த்தபோது தெரிந்த மேடு, உள்ளே படுத்த மாதிரி உட்கார்ந்து பார்த்தபோது தெரியவில்லை. வாசலைத் தாண்டவில்லை. 'டங்!' முன்சக்கரம் மேட்டுக்கு அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வயிறு மேட்டின் மேல். கார் தொட்டில் மாதிரி ஆடியது. தாசையா இன்னும் அமுக்கினார். பின்சக்கரம் காற்றில் சுற்றியது. முள் நூற்றிருபதுக்குப் போனது. "வேகத்தைக் குறைக்கவும்" என்றது பெண் குரல்.

சத்தம் கேட்டுப் பாக்கியநாதன் திரும்பி வந்து பார்த்தான். உண்மையாகவே வருத்தப்பட்டான். "என் வயிறும் தரையிலதான் அண்ணாச்சி கிடக்கு. நான் ஏறி இறங்கிட்டேனே?" என்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ரேஷன் கடை திறந்துருவாங்க. வாரேன் அண்ணாச்சி. மெல்ல வாங்க."

பஞ்சாயத்துத் தலைவர் யானை கோப்போடு வந்தார். "யாருய்யா இந்த மேட்டை இங்க வச்சது?" என்று தாசையா கத்தினார். யானை கோப்பைப் பிரித்துக் காட்டினார். மனுவின் அடியில் தாசையாவின் குளம்பு, அழுத்தமாக. தாசையா மனைவியைப் பார்த்தார். அவள் வேத புத்தகத்தைத் திறந்து மிகவும் கவனமாக வாசித்தாள்.

"தலைவரே, தும்பிக்கையால ஒரு தூக்குத் தூக்கிவிடுங்களேன்."

"தூக்கலாம் அண்ணாச்சி. ஆனா தனியார் வண்டியைத் தூக்கத் தீர்மானம் போடணும். கூட்டம் அடுத்த மாசம்."

தாசையா குரங்குகளைக் கூப்பிட்டு வெளியே இழுக்கச் சொன்னார். சாலையில் நின்று காரைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பழைய வடத்தை எடுத்து வந்து, காரின் முன்னால் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, நான் இறங்கட்டுமா?"

"உன்னை இறக்கப் பொழுதாயிரும். அந்த வட்டத்தைப் பிடி. நான் சொல்ற பக்கம் திருப்பு."

நேராக இழுத்தால் வயிறு இடிக்கும். சாய்த்து இழுத்தால் ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். உள்ளே உட்கார்ந்திருந்தபோது தெரியாத இந்தச் சங்கதி, முன்னால் வந்து நின்றதும் காலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு இழுப்பு. கார் இறங்கியது. அடுத்த மேடு. "வலது பக்கம், புஷ்பம்!" அதுவும் தாண்டியது. குரங்கு வீடு, மயில் வீடு. யாரும் குடம் கொண்டுவரவில்லை. எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாசையா நிற்காமல் நடந்தார்.

பதினேழாவது வீடு, கரடி வீட்டு மேட்டில் பாக்கியநாதன் ஏறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூச்சு கேட்டது. திரும்பினான். கழுத்தில் வடத்தோடு தாசையா, பின்னால் சிவப்புக் கார், அதற்குள் அன்னபுஷ்பம். அவர்கள் தாண்டினார்கள்.

தாசையா திரும்பிப் பார்த்தார். "வாரேன் பாக்கியநாதா. மெல்ல வா."

அன்றிலிருந்து தினமும் காலையில் அப்படித்தான். அன்னபுஷ்பம் உள்ளே குளிர்ச்சியாக உட்கார்ந்து கீர்த்தனைப் பாட்டெல்லாம் போட்டுக்கொண்டு வட்டத்தைத் திருப்புவாள். பாக்கியநாதன் இப்போது ரேஷன் வரிசையில் இரண்டாவது ஆள். மூன்று மாதம் கழித்து ஆந்தை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே. மூட்டும் தேவலை. என்ன செய்றீங்க?" என்று கேட்டது.

"கார் வாங்கியிருக்கேன் டாக்டர்" என்றார் தாசையா.

டாக்டர் அதை மற்ற நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தது.

மகன் ஜெபசிங் போனில், "ஏழு சீட் வாங்கியிருக்கலாம்லாப்பா" என்றான். தாசையா அந்த வண்டியின் எடையை நினைத்துப் பார்த்துவிட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

நீதி: ஓய்வுபெற்ற பிறகு வாங்குகிற கார் ஸ்போர்ட்ஸ் காராகவே இருக்கட்டும், இழுப்பதற்கு அதுதான் லேசு.

கதை கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வாசலில் வேகத்தடை இருந்தால், பஞ்சாயத்துக்குக் காத்திருக்காமல், ஒரு கை சுண்ணாம்பு கரைத்து அதன்மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.