டப்பாவில் ஒரே ஒரு லட்டு

பெங்களூரில் இத்தனை வருஷம் கணினியோடு மாரடித்ததில், ஒன்று என்ற எண்ணையே நிற்கவைத்து விசாரித்த மனிதர் டப்பா சார் ஒருவர்தான். நாங்கள் பொம்மசந்திராவில் தொழிற்சாலை உலைகளின் சூட்டைக் கணக்கிடும் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒற்றை எண் வந்தால் எல்லா உலைக்கும் அதுவே சூடு. வரிசையாக வந்தால் உலைக்கு ஒன்று. ஆகவே வருவது ஒற்றையா வரிசையா என்று ஒவ்வொரு வாசலிலும் சார் ஒரு சோதனை வைத்திருந்தார்.

"வரிசையில ஒரே ஒரு நம்பர்தான் சார் இருக்கு. ஒத்தைன்னே வெச்சுக்கலாமே?" என்றேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

"டப்பால ஒரே ஒரு லட்டு இருக்கு. அது லட்டா, டப்பாவா?"

"லட்டுதான் சார்."

"அப்ப டப்பாவோட கடி."

பஸ்ஸிலும் இதே கதை. "எஷ்டு ஜனா, எத்தனை பேரு?" என்று கண்டக்டர் தலைகளை எண்ணினால், "ஒருத்தன்தான். ஆனா கூட்டத்துல ஒருத்தன்" என்பார். கண்டக்டர்கள் அவருக்கு மட்டும் பேசாமல் டிக்கெட் கிழித்தார்கள்.

மேனேஜருக்கு அந்தப் பொறுமை இல்லை. "எதுக்கெடுத்தாலும் நின்னுபோவுதுய்யா. வெள்ளிக்கிழமை கஸ்டமர் வராரு. உன் செக்கிங்கை எல்லாம் தூக்கு. அன்னிக்கு நின்னுச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடு."

சார் ஒன்றைக்கூடத் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ப்ரோகிராம் நின்றது. திரையில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம்: 'இது லட்டு அல்ல, டப்பா.' கஸ்டமர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கதவைப் பார்த்தார்.

"மூணு உலை, வரிசையில ஒரு நம்பர்தான் வந்திருக்கு. மத்த ரெண்டுக்கும் வயரைப் பாருங்க" என்றார் சார்.

இரண்டும் கழன்று தொங்கின. சோதனை இல்லாவிட்டால், அந்த இரண்டு உலைகள் அணைந்திருந்தாலும் கொதிப்பதாகத் திரை கூசாமல் சொல்லியிருக்கும். கஸ்டமர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மேனேஜர், "செக்கிங் இருக்கட்டும். லட்டை மட்டும் எடுத்துடுய்யா" என்றார்.

அன்று விவேக் நகர் மெஸ்ஸில் சார் வழக்கம்போல் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒண்டிக்கட்டையாவே இருந்துட்டீங்களே சார்?" என்றேன்.

"யாரு ஒண்டி? நான் ஒரே ஆளு இருக்கிற டப்பாப்பா. இடம் இருக்கு, உட்காரு."

இப்போது எனக்குப் பெரிய ஆபீஸ், நீளமான சாப்பாட்டு மேஜை, அவரவர் போனோடு அவரவர். நான் மட்டும் எதிர் நாற்காலியைக் கொஞ்சம் வெளியே இழுத்துவைத்துவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறக்கிறேன்.