மஞ்சு இறங்கியதாகத் தந்தி கொடுத்தவன் எழுதிக்கொண்டது

சிவமயம்

மேலகரம்,
வெகுதானிய வருஷம், வைகாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.

பாளையங்கோட்டையில் பென்ஷன் தாசில்தாராக வீற்றிருக்கும் என் மதிப்பிற்குரிய அத்தான் வீரபாகு பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை முத்துவடிவைக் கைப்பிடித்த பாக்கியவான் குற்றாலிங்கம் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமமா என்று தாங்கள் கேட்கப் போவதில்லை. ஆனாலும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் சொக்கம்மாள் அக்காளும் சௌக்கியம் என்றும், தங்கள் மேனியில் ஒட்டிய கரி இதற்குள் முழுவதும் போயிருக்கும் என்றும் நம்புகிறேன்.

விஷயம் இதுதான். முத்துவடிவை இது கண்டதும் ரயிலேற்றி அனுப்பி வைக்கவும். சீசன் வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது. இந்த வரியைப் படித்ததும் தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏட்டி முத்துவடிவு, உன் மாப்பிள்ளைக்கு மறுபடியும் கிறுக்குப் பிடிச்சிட்டு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. போன தடவை நடந்ததைத் தாங்கள் கோபாலசாமி கோயில் வாசல் வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரிப்பதாகவும் கேள்வி. சிரிக்கட்டும். ஆனால் என் பக்கத்தையும் உள்ளது உள்ளபடி எழுதி வைக்கிறேன். தாலுகா கச்சேரியில் எத்தனையோ பேர் மனுவைப் படித்தவர், மைத்துனன் மனுவையும் ஒரு தடவை படித்தால் கைரேகை தேய்ந்துவிடாது.

நான் தந்தி கொடுத்த அந்த வாரத்துப் புழுக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெக்கை முடியவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரம் மட்டும் வந்தது, காற்று வரவில்லை. உப்பு மரவையில் உப்பு தண்ணீராகக் கிடந்தது. நெற்றியில் பூசிய விபூதி குழம்பாகி மூக்கு நுனிக்கு வந்து, அங்கிருந்து இலைச் சோற்றில் விழுந்தது. குற்றாலநாதருக்கே தலைக்குத்து என்று தைலம் சாத்துகிறார்கள், இந்தக் குற்றாலிங்கத்துக்கு யார் சாத்துவது? இந்த நிலையில் ஒரு நாள் காலை மச்சுக்கு ஏறி மேற்கே பார்க்கிறேன், மலையின் இடுப்பைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மூட்டம்! மலையில் மஞ்சு இறங்கினால் சாரல், சாரல் விழுந்தால் அருவி, அருவி விழுந்தால் சீசன். இது இந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நான் யார்? ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். பிளாட்பாரத்தில் நின்று தூரத்துப் புகையை வைத்தே வருவது பாசஞ்சரா கூட்ஸா, எஞ்சினில் போட்டது நல்ல கரியா மட்டக் கரியா என்று சொன்னவன். புகை எது மஞ்சு எது என்று எனக்கா தெரியாது?

கீழே ஓடிவந்து முத்துவடிவிடம் சொன்னேன். அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மலையைப் பார்க்கவில்லை. மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். "மஞ்சுமில்ல பஞ்சுமில்ல. தாள் எரியுத வாடை அடிக்கி. மாடக்கண்ணு நம்ம வயல்லயும் தீ வச்சிருக்கான். நீங்க சொல்லித்தான வச்சான்?" என்றாள். விளைச்சலில் பங்கு பேசி நம் வயலை வாரத்துக்குப் பயிர் வைக்கிற மாடக்கண்ணு கேட்டதும், நான் தலையை ஆட்டியதும் வாஸ்தவம்தான். பிசான நெல் அறுத்தபின் வயலில் நிற்கிற தாளைக் கொளுத்தி, சாம்பலோடு உழுது, கார் நெல் விதைப்பது ஊர் வழக்கம். ஊரெல்லாம் கொளுத்தும்போது நம் வயல் மட்டும் மடியாக நிற்குமா? ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அந்தப் புகை அல்ல என்று எனக்கு நிச்சயம். அடுக்களையில் நிற்கிற மூக்கை நம்பி, மச்சில் நிற்கிற கண்ணைச் சந்தேகப்பட்டால் ரயில்வேயில் ஒரு வண்டி ஓடாது. தங்களுக்குத் தந்தி கொடுத்தேன்.

தாங்கள் அக்காளோடும், படுக்கைச் சுருளோடும், குற்றாலத்துக்கென்றே ஆட்டிய நல்லெண்ணெயோடும் வந்து இறங்கினீர்கள். வில்வண்டியில் வரும்போதே அக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானும் பார்த்தேன், ஆனால் வெற்றிலைக் காரம் என்று நினைத்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற தளவாய் தங்களைக் கண்டதும் துண்டை உதறிக்கொண்டு வந்தவன், மேலே பாறையைப் பார்த்துவிட்டு, "அய்யா, தண்ணி ஒண்ணும் காணலயே?" என்று என்னைக் கேட்டான். "மஞ்சு எறங்கியாச்சு, நீ தேய்லே, நீ தேய்ச்சு முடிக்கதுக்குள்ள அருவி வரும்" என்றேன். அவனும் தேய்த்தான். கை வலிக்கத் தேய்த்தான். அருவியோ, பாறையில் யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போன மாதிரி ஒரு கோடு. அந்த நேரம் பார்த்து, பல நாளாக வராத காற்று வந்தது. வந்தது வந்தது, வயற்காட்டுப் பக்கமிருந்தா வர வேண்டும்? எரிந்த தாளின் சாம்பல் அவ்வளவும் பறந்து வந்து, வேறு எங்கேயும் இறங்காமல், எண்ணெய் வழிய நின்ற தாசில்தார் மேனியில் இறங்கியது. கழுவ நீர் இல்லை. துடைக்கத் துடைக்க அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சுடலைமாடனுக்குக் கொடை கழித்து வந்தவர் மாதிரி நின்றீர். வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் இடுப்புப் பிள்ளையோடு உம் காலில் விழுந்து, "பிள்ளைக்குத் திருநீறு போட்டுவிடுங்க சாமி" என்றாள். நீரும் வயிற்றில் சுரண்டி எடுத்து அந்தப் பிள்ளை நெற்றியில் பூசினீர்! இதைக் கோபாலசாமி கோயில் வாசலில் சொன்னீரா? சொல்லியிருக்க மாட்டீர். (கோபத்தில் "நீர்" என்று எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகும், அப்படியே விட்டுவிடுகிறேன்.)

இதுவரைக்கும் சிரிப்புதான். சாயங்காலம் சிரிப்பு இல்லை. காற்று மறுபடியும் நின்றுவிட்டது, புகை எழும்ப வழியில்லாமல் தெருவுக்குள் இறங்கியது. முத்துவடிவுக்கு இளைப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். நான் விசிறினேன். விசிறினால் வந்ததும் புகைதான். அத்தான், நான் பயந்துபோனேன். எத்தனையோ வருஷம் வண்டிகளைப் பிசகில்லாமல் அனுப்பியவன், ஒரு மூச்சை உள்ளே அனுப்பி வெளியே எடுக்க வகை தெரியாமல் விசிறியை வைத்துக்கொண்டு நின்றேன். நீர் பக்கத்தில் நின்று என்னைத் திட்டினீர். திட்டியது நியாயம். மூச்சு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை என்னைப் பற்றிக்கூட இல்லை. "சாரல் விழணும். நம்ம வயல்ல தீ விழக்கூடாது. ரெண்டும் நிச்சயமானா வாரேன். அதுவரைக்கும் அண்ணன் வீட்டுல மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி, அழாமல் கொள்ளாமல் உம்மோடு வண்டி ஏறினாள்.

அவள் போனதும் நான் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு, மிச்சம் கிடக்கிற பாதி வயல் தாளில் ஒரு தீக்குச்சி பட்டாலும் உன்னை வயலை விட்டு இறக்கிவிடுவேன் என்றேன். "அப்ப அந்தத் தாள யாரு திங்கது? நீங்களா?" என்றான். வரவர இவனுக்கு வாய் கூடிப்போயிற்று. ஆடு தின்னட்டும் என்று கிடை போட ஆள் சொன்னேன். செம்மறிக் கூட்டம் வந்தது. தாளை மோந்து பார்த்தது. இதைத் தின்னவா இவ்வளவு தூரம் ஓட்டி வந்தாய் என்று ஆட்டுக்காரனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நம் வீட்டுப் பின்வாசல் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, முத்துவடிவு தண்ணீர் ஊற்றி வளர்த்த பிச்சிக்கொடியை மொட்டும் தண்டுமாக முடித்துவிட்டு, சமையலுக்கு இருந்த தவசிப்பிள்ளை காயப்போட்டிருந்த வேட்டியில் பாதியையும் தின்றது. தவசிப்பிள்ளை அன்றைக்கே போய்விட்டான். அவன் வைத்த சொதிக்கு அது தேவலை. பிச்சிக்கொடி விஷயத்தை நீர்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், வேர் இருக்கிறது, வேர் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லவும். ஊர்க்காரர்களிடமும் போனேன். ஒருத்தரும் கொளுத்தாதீர்கள், பொம்பிளை பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது என்றேன். "இனி ஸ்டேஷன் மாஸ்டரய்யா பச்சைக்கொடி காட்டுனாத்தான் அடுப்பே பத்த வைக்கணும் போல" என்று ஒருத்தன் சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் நம் வயலில் தீ இல்லை. தாள் அப்படியே நிற்கிறது. அதாவது ஒரு நிபந்தனை நிறைவேறியது.

இரண்டாவது நிபந்தனைக்கு வருகிறேன். இன்று காலை மச்சுக்கு ஏறினேன். மேற்கே மஞ்சு! இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டுப் பார்த்தேன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். மஞ்சேதான். தெருவில் போன மாடக்கண்ணுவை மச்சிலிருந்தே கூப்பிட்டு, "ஏலே, மஞ்சு எறங்கிட்டுலே! சாரல் வரப்போகுது!" என்று கத்தினேன். அவனும் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். அவனுக்கே அவ்வளவு சந்தோஷம் என்றால் பாரும்.

ஆகையால் இரண்டு நிபந்தனையும் முடிந்தது. அவளை அனுப்பவும். இங்கே நான் சொல்வதை மறுத்துப் பேச ஒரு ஆள் இல்லை அத்தான். மறுத்துப் பேச ஆளில்லாமல் நான் சொல்வது எனக்கே நம்பிக்கையாக இல்லை. நேற்று மோரில் உப்பு அதிகம் என்று வெறும் அடுக்களையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். உப்பைப் போட்டதும் நான்தான்.

குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அக்காளுக்குப் பொறுமையும், எனக்கு என் பெண்டாட்டியும் தந்தருள வேண்டுமாய் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
குற்றாலிங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்துத் தபாலில் போடக் கிளம்பினேன். வழியில் நம் வயலைப் பார்த்தேன். எரிகிறது. நம் வயல்தான். மிச்சம் பாதியும். வரப்பில் மாடக்கண்ணு கைகட்டி நிற்கிறான். "ஏலே பாவி, என்னலே செஞ்ச?" என்றேன். "மஞ்சு எறங்கிட்டுன்னு நீங்கதானய்யா மச்சுல நின்னு கத்துனிய? தாள் நனைஞ்சா பொறவு எந்தக் கொம்பன் வந்தாலும் எரியாது. அதான் ஓடியாந்தேன்" என்கிறான். "தீக்குச்சி படக்கூடாதுன்னு சொன்னேனாலே இல்லயா?" என்றேன். "தீக்குச்சி எங்கய்யா பட்டுது? வீட்டு அடுப்புலேர்ந்து கங்கு எடுத்தாந்தேன்" என்கிறான். இவன் முந்திக்கொண்டதைப் பார்த்துச் சுற்று வயல்காரர்கள் எல்லோரும் முந்திக்கொண்டார்கள். காலையில் நான் பார்த்த மஞ்சும், இலஞ்சிப் பக்கத்தில் நேற்றே வைத்த தீயின் புகையாம். ஆகையால் இந்தக் கடிதத்தில் மேலே கண்ட எதையும் நம்ப வேண்டாம். முத்துவடிவை அனுப்ப வேண்டாம். இந்தப் புகைக்குள் அவளை அனுப்பவே வேண்டாம். கேட்டால் நான் சௌக்கியம் என்று சொல்லவும்.

இன்னும் ஒன்று. இதை வரப்பில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து ஊற்றுப்பேனாவால் எழுதுகிறேன். மேலே "வேண்டாம்" என்ற இடத்தில் மசி பரவியிருக்கிறதே, கவனித்தீரா? அது வியர்வை இல்லை. நான் அழவும் இல்லை. பக்கத்தில் மாடக்கண்ணு வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்கிறான். வயலில் தீ சீறுகிறது. இது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இந்த வருஷம் போய்விட்டது. இந்தக் காகிதத்தை அப்படியே முத்துவடிவின் மூக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடியும். புகை வாடையும் இருக்கும், இன்னொரு வாடையும் இருக்கும். எது தூக்கலாக இருக்கிறது என்று அவள் சொல்லட்டும். நான் நாளையிலிருந்து மத்தியான வண்டிக்குத் தென்காசி ஸ்டேஷனில் போய் நிற்பேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, பழைய உத்தியோகப் பழக்கம்.