கிரிப்பம்மாவும் ஒத்தைக் கைக் கட்டும்

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஓடிய சைக்கிள்களில் பாதிக்குக் கைப்பிடி ரப்பர் கிடையாது. வெறும் இரும்புதான். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பிடித்தால் உள்ளங்கை பழுத்துவிடும். இதற்குப் பஞ்சமோ ரப்பர் தட்டுப்பாடோ காரணம் இல்லை. ஒரே ஒரு பெண்மணிதான் காரணம்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் கிரிப்பம்மா. நான் அவருக்கு ஜீப் ஓட்டியவன்.

அவருடைய உத்தியோகம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அதைத் திக்காமல் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் படாளம் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும். "அப்படின்னா இன்னாம்மா வேலை?" என்று முதல் நாளே கேட்டேன்.

"டாக்டரு உசுரக் காப்பாத்துவாரு. அந்த உசுரு காலைல எழுந்து பல்லு வெளக்கணும், சோறு துன்னணும், சட்டை மாட்டணும் இல்ல? அதுக்கு வழி பண்றவ நான்."

திங்கள்கிழமை எலும்பு வார்டு. செவ்வாய் தொழுநோய் வார்டு. புதன் காசநோய் வார்டு. வியாழன் ஸ்டோர் குமாஸ்தாவோடு சண்டை. வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள குப்பங்கள், வீடு திரும்பிய நோயாளிகளைப் பார்க்க.

தொழுநோய் வந்த கைக்குச் சூடு தெரியாது, வலி தெரியாது, விரல் மடங்கியே இருக்கும். மெல்லிசான கரண்டிக் காம்பு அந்தக் கையில் நிற்காது. காம்பின் மேல் சைக்கிளின் கைப்பிடி ரப்பரை, அதாவது கிரிப்பை, மாட்டிவிட்டால் நிற்கும். இதை அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குச் சனி பிடித்தது. காலையில் நிறுத்துவோம், சாயந்திரம் எடுக்கும்போது மொட்டையாக நிற்கும். என் சைக்கிளில் மட்டும் நான்கு ஜோடி போயிற்று. "ஏம்மா, கேட்டு எடுக்கக் கூடாதா?" என்றால், "கேட்டா நீ குடுப்பியா?" என்பார். கொடுக்க மாட்டேன்தான்.

ஒருநாள் சூப்பரின்டெண்டு ஐயாவின் ஸ்கூட்டர் கிரிப்பே காணாமல் போய்விட்டது. ஐயா தாம்தூம் என்று வார்டு வார்டாகத் தேடி, கடைசியில் தொழுநோய் வார்டில் கண்டுபிடித்தார். ஒரு கிழவர் கரண்டியில் அதை மாட்டிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக யாராவது ஊட்டித்தான் குடித்தவர். ஐயாவின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "சாமி, இன்னும் நாலு வாய்தான் பாக்கி கீது. துன்னுட்டுத் தந்துர்றேன்" என்றார். ஐயா திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு ஸ்கூட்டரின் ஒரு பக்கத்தில் துணி சுற்றித்தான் ஓட்டினார்.

எலும்பு வார்டில் மணிக்கட்டு ஒடிந்து தேறிய நாவிதர் ஒருவர் இருந்தார். கத்தி பிடிக்கப் பயம். கிரிப்பம்மா என்னைக் கூப்பிட்டு, "டிரைவரு, இந்த ஸ்டூல்ல உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். முகத்தில் சோப்பு போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டினார், நான் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் கிரிப்பம்மா என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு எடத்துல வெட்டுவான்னு நெனச்சேன். ரெண்டுதான். தேறிட்டான்யா, அனுப்பிடலாம்."

என் ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யாராவது நோயாளிக்கு ஊட்டிவிடுவதைப் பார்த்தால் போதும், கிரிப்பம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தாய் மகனுக்கு ஊட்டினாலும் விட மாட்டார். "ஊட்டாதம்மா! நீ ஊட்ட ஊட்ட அந்தக் கை தூங்கிப் பூடும்." கல்நெஞ்சுக்காரி என்று ஆயாக்கள் பேசிக்கொள்வார்கள். நானும்தான் பேசினேன்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். கடல். அவர் கருங்குழிப் பக்கத்து ஏரிக்கரைக்காரர். கடலோரச் சாலையில் ஜீப் திரும்பியதும் முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டு வருவார். "அது இன்னாத்துக்குய்யா சும்மா சும்மா வந்துகினே கீது?" என்று அலையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வார்.

கடலைப் பார்க்கவே மாட்டேன் என்ற இந்த அம்மாவிடம்தான் கன்னியப்பன் வந்து சேர்ந்தார்.

கன்னியப்பன் ஒரு குப்பத்து மீனவர், அங்கேயே நல்ல கடலாடி. நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம். கால் ஓரளவு தேறிற்று. பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் விறகுக் கட்டை மாதிரி தொங்கிற்று. நாங்கள் முதல் வெள்ளிக்கிழமை போனபோது, அவர் மனைவி பச்சையம்மா மடியில் தலையைச் சாய்த்துவைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கிரிப்பம்மா ஒரு கத்து கத்தி, தட்டைப் பிடுங்கிக் கன்னியப்பனின் இடது கைப்பக்கம் வைத்தார். பச்சையம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒனக்கு இன்னாம்மா தெரியும்? ஒன் புருசனாயிருந்தா இப்படிப் பண்ணுவியா?"

கிரிப்பம்மா தட்டை நேராக நகர்த்தி வைத்தார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கன்னியப்பனைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "அண்ணாத்த, ஒனக்கு இன்னா செய்யணும்னு ஆசை?"

கை நல்லாகணும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கன்னியப்பன் வாசல் வழியாக மணலைப் பார்த்துக்கொண்டே, "மரம் கட்டணும்" என்றார்.

கட்டுமரத்தைத்தான் அவர்கள் மரம் என்பார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். அவிழ்க்காமல் விட்டால் ஈரம் ஊறிக் கட்டை வீணாகிவிடும். மறுநாள் போகும்போது திரும்பவும் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கட்டில்தான் உயிர் இருக்கிறது. நடுக்கடலில் கயிறு நெகிழ்ந்தால் கட்டைக்கு ஒருவராகப் பிரிந்து போக வேண்டியதுதான். குப்பத்தில் கன்னியப்பனின் கட்டுக்கு அவ்வளவு பேர்.

மறுநாள் காலையில் பார்த்தால், கிரிப்பம்மா வலது கையை முந்தானைக்குள் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்.

"இன்னாம்மா, கை ஒடிஞ்சிருச்சா?"

"இல்லய்யா. ஒரு வாரம் இந்தக் கை இல்லாத இருந்து பாக்குறேன்."

அந்த வாரம் ஆஸ்பத்திரி பட்ட பாடு இருக்கிறதே! இடது கையால் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ ஆள்மாறாட்டம் செய்கிறார்கள் என்று குமாஸ்தா புகார் எழுதினார். ஓட்டலில் இடது கையால் இட்லி சாப்பிட்டதைப் பார்த்து எதிரில் இருந்தவர் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். கிரிப்பம்மா அசரவில்லை. இடது கை, பல், முழங்கால் மூன்றையும் வைத்துக் கண்ணில் கண்டதையெல்லாம் கட்டிப் பழகினார். வார்டு பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டினார். வாளியையும் துடைப்பத்தையும் கட்டினார். ஒருநாள் ஜீப்பை எடுக்கப் போனால் கியர் அசையவில்லை. கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார். அவிழ்க்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

"அரைமணியா?" என்று முகம் மலர்ந்தார். "அப்ப கட்டு நல்லாத்தான் கீது!"

அடுத்த வெள்ளியிலிருந்து வகுப்பு. ஒத்தைக் கையால் எங்கே பிடிக்க வேண்டும், எப்போது பல்லால் இழுக்க வேண்டும், விறைத்த வலது முழங்கையைக் கயிற்றின் மேல் எப்படிப் பாரமாக வைக்க வேண்டும் என்று கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுப்பார். முடிச்சு தப்பு என்று கன்னியப்பன் அவரைத் திட்டுவார். பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டே இருவரும் சண்டை போடுவதைப் பார்க்கக் குப்பமே கூடும். முதலில் ஒரு மரம் கட்டக் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. ஆறு மாதத்தில் கன்னியப்பன் ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரத்தில் கட்டினார்.

ஆனால் அந்த மரத்தில் ஏற ஆள் வரவில்லை. பச்சையம்மாவின் தம்பி தேசிங்குதான் கன்னியப்பனோடு கடலுக்குப் போனவன். அவனே பின்வாங்கினான்.

"மாமா, ஒன் மேல கொறையில்ல. ஆனா ஒத்தக் கை கட்டு. நடுக்கடல்ல அவுந்தா நான் ஒன்னைப் புடிப்பேனா, என்னைப் புடிச்சிப்பேனா?"

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவர்களிடத்தில் ஒரு வழக்கம். மரத்தின் மேல் காலை வைத்துவிட்டால் அந்தக் கட்டின் மேல் நம்பிக்கை வைத்ததாக அர்த்தம். அதன்பிறகு கட்டு சரியில்லை என்று யாரும் பேசக் கூடாது. அன்றைக்கு யாரும் காலை வைக்கவில்லை.

கிரிப்பம்மா என்னிடம் திரும்பினார். "டிரைவரு, இந்தச் செருப்பப் பாத்துக்கோ."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் போய் மரத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ரோஷம் வந்து தேசிங்கும் ஏறினான். கன்னியப்பனும் ஏறினார். நாலு பேர் தள்ளிவிட்டார்கள். ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் அவருடைய பையுமாக நான் கரையில் நின்றேன். அலை அவர்களைத் தூக்கும் போதெல்லாம், கருங்குழி வரைக்கும் கேட்கும்படி கிரிப்பம்மாவின் கூச்சல் வந்தது.

திரும்பி வந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்து காலையில் தின்ற நாஸ்தாவை முழுக்க வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு தேசிங்கைப் பார்த்தார்.

"கட்டு நல்லாத்தான் கீதுய்யா. கடலுதான் சரியில்ல."

குப்பமே சிரித்தது. கன்னியப்பன் அழுதார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கன்னியப்பன் கடலுக்குப் போனார். துடுப்பு தேசிங்கு கையில், கட்டும் மீன் இருக்கும் இடம் பார்ப்பதும் இவர் பொறுப்பு. காலையில் மற்றவர்களுக்கும் மரம் கட்டிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் போனால் ஒரு மீனை ஓலையில் சுற்றி இடது கையால் நீட்டுவார். "ஊட்டல, குடுக்குறேன்" என்று கிண்டல் செய்வார்.

ஓர் ஐப்பசி மாதத்தில் திடீரென்று கடல் புரண்டது. நாங்கள் செய்தி கேட்டுப் போகும்போது மூன்று நாள் ஆகியிருந்தது. கரையில் தேசிங்கு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மரம் கிடந்தது, கட்டு அவிழாமல். கிரிப்பம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"கட்டு அவுரலம்மா" என்றான். "ரெண்டு பேரையும் அலை தூக்கிப் போட்டுது. மரத்தைப் புடிச்சிகினு நான் பொழச்சேன். மாமாவும் புடிச்சாரும்மா. ஒத்தக் கையால எவ்ளோ நேரந்தான் புடிப்பாரு?"

ஒரு கையால் கட்டுவதற்கு வழி கண்டுபிடித்தவருக்கு, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வழி தெரிந்திருக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கிரிப்பம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது.

மூன்று நாளாக மரத்தை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. கன்னியப்பன் கடைசியாகக் கட்டிய கட்டு. கிரிப்பம்மா மணலில் உட்கார்ந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். இடது கையாலும் பல்லாலும் மெல்ல மெல்ல அவிழ்க்கத் தொடங்கினார். உப்பும் ஈரமும் ஏறி முடிச்சு இறுகியிருந்தது. உதட்டில் ரத்தம் வந்தது. நான் கிட்டே போனபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பாதியில் பச்சையம்மா வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கிரிப்பம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். கயிற்றை விட்டுவிட்டு, "நான் சும்மா இருந்திருந்தா அவரு உசுரோட இருந்திருப்பாரும்மா" என்றார்.

பச்சையம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இருந்திருப்பாரு. என் மடில. தெனம் சோத்தப் பாத்து அழுதுகினு." பிறகு, "படுக்கைல போயிருந்தா நான் ஒருத்திதான் அழுதிருப்பேன். இப்போ இந்தக் குப்பத்துல எந்த வூட்லயும் அடுப்பு எரியல, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றின் மறுமுனையை எடுத்தார். ஒரு கையால்தான் எடுத்தார்.

கட்டைகளை நாங்கள் வெயிலில் காயப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் கிரிப்பம்மா கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். மேற்கே திரும்பவே இல்லை.

அடுத்த சில வாரங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கிரிப்பும் காணாமல் போகவில்லை. ஆஸ்பத்திரியே ஏதோ பெரிய சாவு விழுந்த மாதிரி இருந்தது. வார்டில் யாரோ யாருக்கோ ஊட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். ஒரு செவ்வாய்க்கிழமை தொழுநோய் வார்டில் புதிதாக வந்த ஓர் அம்மாளின் கையிலிருந்து கரண்டி மூன்று தடவை கீழே விழுந்தது. கிரிப்பம்மா மூன்று தடவையும் எடுத்துக் கொடுத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாண்டுக்குப் போய் என் சைக்கிளின் இரண்டு கிரிப்பையும் திருகி உருவினேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொண்டுபோய் அவர் மேஜை மேல் வைத்தேன்.

ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "நான் கேக்கலியே, டிரைவரு" என்றார்.

"நீங்க என்னைக்கும்மா கேட்டீங்க?" என்றேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் ரிடையராகும் வரைக்கும் நான் மொட்டை சைக்கிள்தான் ஓட்டினேன். வெயிலில் கை சுடும்போதெல்லாம், அம்மா வேலைக்கு வந்திருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கும்.