மூன்றாவது நரகத்தின் ராஜா

"மூணாவது நரகத்துல உட்கார்ந்திருக்கானே, அவன் யாரு?"

திட்டத் தலைவர் மெங் சார் கேட்டுவிட்டு மேஜையை முஷ்டியால் மூன்று தட்டுத் தட்டினார். ப்யோ மிரான் அந்த முஷ்டியையே பார்த்தாள். மூன்றாவது நரகத்தில் உட்கார்ந்திருந்தவனும் கேள்வி கேட்டதும் மேஜையை மூன்று தட்டுத்தான் தட்டுவான். அவனை அப்படித் தட்ட வைத்தவளே அவள்தான்.

"அவன் பேரு கொர்மாத், சார்."

"பேரையா கேட்டேன்? யாருன்னு கேட்டேன்."

"யாரும் இல்ல சார். கற்பனை."

"ஆயிரம் காது. ஒவ்வொரு காதுலயும் மெழுகு. கேள்வி கேட்பான், பதில் வர்றதுக்குள்ள அவனே பேச ஆரம்பிச்சுடுவான். இது கற்பனையா?"

"ஆமா சார், அது வந்து–"

"வந்து போயின்னு எல்லாம் சொல்லாதே. பதினோரு வருஷமா இந்தக் கம்பெனிக்கு உழைக்கிறேன். எனக்கு மூணாவது நரகம்! ஆபீஸ் பூரா இதைப் படிச்சிருக்கு, தெரியுமா?"

"சார், சத்தியமா அது–"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. போ."

கணினிக் கம்பெனிகள் நிறைந்த பாங்யோ நகரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. இணையத்தில் விளையாடும் மாயாஜால விளையாட்டு ஒன்றை அங்கே நான்கு வருடமாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடுபவன் வாளும் கேடயமுமாகப் பாதாளத்தில் இறங்க வேண்டும். அங்கே ஏழு நரகங்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. கீழே போகப் போக ராஜாக்களின் பலம் கூடும். எந்த நரகத்தில் என்ன மழை பெய்யும், எந்தப் பிசாசு எந்தப் பிசாசுக்கு எப்போது துரோகம் செய்தது, யார் எதைத் தின்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என எல்லாவற்றையும் எழுதுவது மிரானின் வேலை. பதவிப் பெயரில் 'உலக வடிவமைப்பாளர்' என்று இருந்தது.

இரண்டு வருடம் உழைத்து ஆறு நரகங்களை முடித்திருந்தாள். எல்லாம் கோபத்தில் எழுதியது. அவள் சாந்தமாக இருந்த நாட்களில் ஒரு வரிகூட வந்ததில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மெங் சார் அவளை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடாமல் அடித்தால், அன்று மாலைக்குள் மூன்றாவது நரகத்தில் ஒரு எரிமலை முளைத்துவிடும். ஏழாவது நரகம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதற்குத் தகுந்த அளவு கோபம் வரட்டும் என்று வைத்திருந்தாள்.

போன வாரம்தான் அந்த ஆறையும் எல்லோருக்கும் படிக்க அனுப்பியிருந்தார்கள்.

இடத்துக்குத் திரும்பியபோது பக்கத்து மேஜை யோம் சொனொக் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். சோதனைப் பிரிவுக்காரி. விளையாட்டில் யார் என்ன குறை கண்டாலும் அது அவள் திரையில்தான் வந்து விழும்.

"என்னக்கா, மெங் சார் சாமி ஆடிட்டாரா?"

"கண்டுபிடிச்சுட்டார்டி."

"ஒத்துக்கிட்டீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப தைரியமா இருங்க. அடையாளத்தை எல்லாம் எடுத்துடுங்க. அடையாளம் இல்லேன்னா ஆள் இல்ல."

நியாயமாகத்தான் பட்டது. மிரான் பல்லைக் கடித்துக்கொண்டு கொர்மாத்தின் ஆயிரம் காதுகளையும் அறுத்தாள். மெழுகைத் துடைத்தாள். மேஜையையே தூக்கிவிட்டாள். இப்போது அவன் கல்லின் மேல் கைகட்டி உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்கிற பிசாசு. இரண்டு வருட உழைப்பு. அவளுக்கு அழுகை வரவில்லை, யாரையாவது கடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் நம்குங் மேடம் வந்தாள். ஓவியப் பிரிவின் தலைவி. அவள் நடந்து வரும்போதே வழியில் இருந்தவர்கள் எல்லோரும் திரையைப் பார்த்து மும்முரமாக வேலை செய்தார்கள்.

"அஞ்சாவது நரகத்து ராணி, ஒரே கொம்பை நாற்பது தடவை வரையச் சொல்லிட்டு, கடைசியில முதல்ல வரைஞ்சதே போதும்கிறாளாமே?"

"மேடம், அது சும்மா–"

"என் டீம்ல பதினாலு பேர். பதினாலு பேருக்கும் புரிஞ்சிருக்கு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க."

"உங்களை நினைச்சு எழுதல மேடம். சத்தியமா."

"அவ சாக எவ்வளவு நேரம் ஆகும்?"

"சுமாரான வீரனுக்கு... பதினாறு நிமிஷம்."

"பதினாறு நிமிஷம்!" நம்குங் மேடத்தின் காதுத் தொங்கட்டான்கள் நடுங்கின. "பதினாறே நிமிஷத்துல என்னைக் கொல்றே! காலேஜ் முடிச்ச நாள்லேர்ந்து இந்தத் தொழில்ல இருக்கேன். உன்னைப் பார்த்துக்கிறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்தாவது ராணிக்குக் கொம்பு போனது, தூரிகை போனது, அவளிடம் வேலை செய்த நாற்பதாயிரம் ஆவிகளும் போயின. சாவை நினைத்துத்தான் மேடத்துக்குக் கோபம் என்று எண்ணி, மிரான் அந்தச் சாவையும் எடுத்தாள். இனி அவளோடு சண்டையே கிடையாது. வீரன் வந்தால் வணக்கம் சொல்லி வழிவிட்டுவிடுவாள்.

புதன்கிழமை மதியம் மிரான் மேஜையிலேயே கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தபோது போங் சார் வந்து நின்றார். கணினிகளையும் இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பிரிவின் தலைவர். ஆபீசுக்குள் ரப்பர் செருப்பு, வாயில் எப்போதும் காய்ந்த கணவாய் மீன்துண்டு. யார் என்ன கேட்டாலும் அவர் சொல்வது ஒரே சொல்: முடியாது. ஆறாவது நரகத்தின் வாசலில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து கணவாய் மென்றுகொண்டு, ஆயிரம் வருடமாக வரிசையில் நிற்கும் ஆவிகளிடம் 'முடியாது' என்று சொல்லும் உத்ராக் யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

போங் சார் சட்டைப் பைக்குள் கை விட்டார். ஒரு பொட்டலம் கணவாயை அவள் மேஜை மேல் வைத்தார். ஒரு தரம் தலையை ஆட்டினார். செருப்புச் சத்தத்தோடு போய்விட்டார்.

"யோம்! பார்த்தியா? மிரட்டிட்டுப் போறார்!"

"கணவாயை வெச்சா மிரட்டறார்?"

"தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றார். வாயால சொன்னா சாட்சி ஆயிடும்ல, அதான்."

யோம் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தாள். "நல்ல கம்பெனிச் சரக்கு அக்கா. மிரட்டணும்னா மட்டமானதை வாங்கியிருப்பார்."

"நீ சும்மா இரு."

ஆறாவது நரகத்தின் வாசற்கதவை மிரான் அன்றே பெயர்த்தெடுத்தாள். உத்ராக்குக்குப் பூட்ஸ் மாட்டினாள். 'முடியாது' என்ற இடமெல்லாம் 'தாராளமாக' என்று மாற்றினாள்.

வியாழக்கிழமை காலையில் ரப்பர் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது.

"என் கதவு எங்க?"

"எந்தக் கதவு சார்?"

"ஆறாவது நரகத்துக் கதவு. ராத்திரி இருந்தது. காலையில பார்த்தா காணோம். அவன் காலைப் பார்த்தா பூட்ஸு!"

"பார்வைக்கு நல்லா இருக்கட்டும்னு..."

"கதவு இல்லாம இந்த விளையாட்டு ஓடாது. நான் ஓட விடவும் மாட்டேன். முடியாது!"

திரும்பிப் போனவர் மறுபடி வந்தார். மேஜை மேல் பாதி தீர்ந்திருந்த கணவாய்ப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போனார்.

அன்று முழுக்க அந்த மாடியில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மெங் சார் புதிய கொர்மாத்தைப் படித்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். நம்குங் மேடம் ராணியின் படத்தை அச்செடுத்து, நாலாகக் கிழித்து, மிரானின் பார்லித் தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மிரானுக்கு ஒன்றும் புரியவில்லை. அடையாளம் இருந்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றமா? வேறு எந்த ஊரிலாவது பிசாசுகளுக்காக மனிதர்கள் இப்படிச் சண்டை போடுவார்களா?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். மூன்று பேரும் ஒரு பக்கம், மிரான் எதிர்ப்பக்கம். நடுவில் ஆறு நரகங்கள் தாள்தாளாகப் பரப்பிக் கிடந்தன.

"நரகம்னா பயம் வரணும்," என்றார் மெங் சார். "இதைப் படிச்சா எனக்குக் கொட்டாவி வருது. மூணாவதுல ஒருத்தன் கைகட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். யாரு அவன்? ரயில்வே ஸ்டேஷன்ல தகவல் சொல்றவனா?"

"நீங்கதானே சார் சரி பண்ணச் சொன்னீங்க?"

"சரி பண்ணச் சொன்னேன். மட்டம் தட்டச் சொன்னேனா?"

"அஞ்சாவது ராணிக்கு மூஞ்சியே இல்ல," என்றாள் நம்குங் மேடம். "வாசல்ல நின்னு வணக்கம் சொல்றா. ஜவுளிக்கடை பொம்மை கூட இதைவிடக் கம்பீரமா நிக்கும்."

"தாராளமாகவாம்," என்று போங் சார் சுவரைப் பார்த்துச் சொன்னார். "தாராளமாக!"

மெங் சார் தாள்களை ஒதுக்கித் தள்ளினார். "இவளால ஆகாது. இதை வெளியில யாராவது எழுதுறவங்க கிட்ட குடுத்துடலாம். முதல்லேர்ந்து எழுதட்டும்."

மிரான் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுத்து நிறுத்தக்கூட அவள் திரும்பவில்லை.

"குடுங்க! வெளியில இருக்கிறவனுக்கு என்ன தெரியும் நரகத்தைப் பத்தி? அவன் உங்க கூட ரெண்டு வருஷம் இருந்திருக்கானா? ஆமா சார், கொர்மாத் நீங்கதான்! கேள்வி கேட்டுட்டுப் பதில் சொல்ல விடாத ஆளு இந்த பூமியில வேற யாரு? நான் இந்தக் கம்பெனிக்கு வந்து இன்னைக்கு வரைக்கும் உங்க முன்னாடி ஒரு வாக்கியத்தை முழுசா முடிச்சதில்ல. இதுதான் முதல் தடவை! மேடம், அந்த ராணி நீங்கதான். ஒரு கொம்புக்காக பதினாலு பேரைத் தூங்க விடாம அடிக்கிறீங்க, கடைசியில முதல் கொம்புதான். போங் சார், உங்க கிட்ட முதல் நாள் டாய்லெட் எங்க இருக்குன்னு கேட்டேன். அதுக்கும் முடியாதுன்னீங்க! இந்த ஆறு நரகத்தையும் நான் கற்பனை பண்ணல. காலையில ஒன்பது மணிக்கு வந்து பார்த்துட்டு எழுதினேன்!"

மெங் சாரின் முஷ்டி மேஜைக்கு மேல் வரை வந்து, தட்டாமல் அப்படியே கோட்டுப் பைக்குள் போனது. நம்குங் மேடம் நகங்களைப் பார்த்தாள். போங் சாரின் தாடை நின்றுவிட்டது.

"கூட்டம் முடிஞ்சுது," என்றார் மெங் சார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குப் போய், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியேறி, தத்தம் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த நொடி மூன்று அறைகளிலிருந்தும் தட்டச்சுச் சத்தம் கிளம்பியது.

வேலை நீக்க உத்தரவு என்று மிரான் நினைத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, கோப்பை, செருப்பு, சின்னக் கள்ளிச்செடி எல்லாவற்றையும் போட்டாள். ஆனால் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. ஏழாவது நரகத்துக்கு என்று வைத்திருந்த கோபத்தை எல்லாம் அங்கே கொட்டிவிட்டு வந்திருந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தபோது யோம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது.

"அக்கா, நில்லுங்க! மூணு புகார் வந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல மூணு. எல்லாம் உங்க பேர்ல."

"தெரியும்டி. படி. என்னைத் தூக்கச் சொல்லித்தானே?"

யோம் ஒரு தரம் திரையைப் பார்த்தாள். மிரானைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இல்லக்கா. மூணு பேரும் ஒண்ணையேதான் எழுதியிருக்காங்க: 'அது நான்தான்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி என்னைத் திரும்ப நரகத்துல போடணும், ஆனா இந்தத் தடவை ஏழாவதுல.'"