இரண்டங்குலம் இறங்கிய வண்டி

இச்செய்தியை முதன்முதலில் எனக்குச் சொன்னவள் சம்சாத். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள். விஸ்வநத்தம் சாலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஜமால் முகம்மதுவின் மனைவி. கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நடந்தது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. ஊர்க்காவலன் என்பவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். உயரம், ஐந்தடி ஓரங்குலம். அவருடைய மனைவி வேல்விழி அதே கம்பெனியில் டப்பா ஒட்டும் பிரிவில் வேலை செய்தாள். அவரைவிட நான்கு விரற்கடை உயரம். இவ்வுண்மையை அவர் எக்காலத்தும் ஒப்புக்கொண்டதில்லை.

அவ்வாண்டு ஆனி மாதத்தில் ஊர்க்காவலன் பெரியதொரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஏறி அமர்ந்தால் கால் தரையை எட்டவில்லை. கம்பெனிக்குச் செல்லும் வழியில் அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த கற்கள் ஏழு. வண்டியை நிறுத்த வேண்டுமானால், கால் ஊன்ற அங்கே ஒரு கல் இருக்க வேண்டும். கல் இல்லாத இடத்தில் யார் கை காட்டினாலும் நிற்க மாட்டார். கர்வி என்று பெயர் வாங்கினார், காரணம் கால்.

புரட்டாசியில் ஒரு நாள், ரயில்வே கேட்டருகே இருந்த கல்லை யாரோ துணி துவைக்க எடுத்துப் போய்விட்டார்கள். ஊர்க்காவலன் வழக்கம்போல் காலை நீட்டினார். கால் காற்றில் இறங்கியது. வண்டி அவர்மேல் இறங்கியது. அன்று மாலையே பட்டறையில் போய் நின்றார்.

"வண்டிய ரெண்டு இஞ்சு இறக்கணும், ஜமாலு."

"இறக்கிரலாம் அண்ணாச்சி. ஆனா அதத் தொட்டு வேற தொந்தரவெல்லாம் வரும்."

"வந்தா பாத்துக்கிடலாம். துட்டு தீபாவளி போனஸ்ல தாரேன். முக்கியமா, எங்க வீட்டுல தெரியக் கூடாது." தேநீர் கொண்டு வந்த சம்சாத்தை அப்போதுதான் கண்டார். "நீ ஒண்ணும் கேக்கல, என்னம்மா?"

"நான் எதையுமே கேக்கலண்ணே" என்றாள் சம்சாத். விளக்கு வைப்பதற்குள் வேல்விழிக்குச் சொல்லிவிட்டாள்.

ஜமால் பின்பக்கத்து ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குட்டையானவற்றை மாட்டினார். முன்பக்கத்துக் குழாய்களை மேலே ஏற்றிப் பூட்டினார். ஊர்க்காவலனின் இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் பதிந்தன. அந்த இன்பம் மூன்று நாள் நீடித்தது.

வண்டி தாழ்ந்தது; சைடு ஸ்டாண்டு தாழவில்லை. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி, பெயர் சொல்லி எழுப்பப்பட்ட மாணவனைப் போல் விறைத்து நின்றது. பிறகு மறுபக்கம் சாய்ந்து, குழாயடியில் வரிசையாக வைத்திருந்த குடங்களின்மேல் விழுந்தது.

"வண்டி எதுக்குங்க அந்தப் பக்கமா விழுது?" என்றாள் வேல்விழி.

"காத்து."

"ஆடிக் காத்துக்கே விழலையே. இப்பப் புரட்டாசி."

ஸ்டாண்டை வெட்டிக் குறைக்க வண்டி பட்டறைக்குப் போயிற்று. முகப்பு விளக்கு சாலையை விட்டுத் தென்னங்குருத்தைக் காட்டியது, மறுபடியும் போயிற்று. சங்கிலி உரசியது, மறுபடியும். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் வண்டி அங்கேயே கிடந்தது. "எங்கங்க வண்டி?" என்று வேல்விழி கேட்கும்போதெல்லாம், "நாரணாபுரத்துச் சேக்காளி இரவல் கேட்டான்" என்றார். அவளும் தலையாட்டினாள்.

பெருவிபத்து ஒரு திங்கட்கிழமை காலையில் நேர்ந்தது. கணவனும் மனைவியும் கம்பெனிக்கு வந்தார்கள். வாயிலுக்குச் சற்று முன்னே ஒரு வேகத்தடை. இருவர் பாரத்தில் அமுங்கிய வண்டியின் அடிப்பாகம் அதில் 'கர்ர்' என்று உராய்ந்தது. கைப்பிடி அளவு தீப்பொறி பறந்தது.

பட்டாசுக் கம்பெனி வாயிலில் தீப்பொறி. காவலாளி பெத்தணன் கையில் இருந்த மணல் வாளியோடு உறைந்தார். உள்ளே போய்க்கொண்டிருந்த நாற்பது பேர் அசையவில்லை. ஒருவரும் இருமக்கூடத் துணியவில்லை. முந்தின வாரம்தான், செருப்பில் இரும்பாணி இருந்ததென்று சின்னத்தாய் என்ற தொழிலாளியை ஊர்க்காவலன் ஒரு நாள் சம்பளம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"எஞ் செருப்புல ஒத்த ஆணிதான் சார் இருந்துச்சு."

மானேஜர் அவரை அறைக்குள் அழைத்து, இரைந்து பேசாமலே சொன்னார். "வண்டிய இருந்தபடி உசத்திட்டு வாங்க. இன்னொரு பொறி பறந்துச்சுன்னா போர்மேன் வேலைக்கு வேற ஆளு."

அன்றிரவு ஊர்க்காவலன் சோற்றைப் பிசைந்தாரே தவிர உண்ணவில்லை.

"உசத்திர வேண்டியதுதான?" என்றாள் வேல்விழி.

"உசத்தினா..."

"உசத்தினா?"

"கால் எட்டாதுடி." பதினோராண்டு இல்லறத்தில் அவர் அச்சொற்களைச் சொன்னது அதுவே முதன்முறை.

"இம்புட்டுத்தானா. எனக்கு எட்டும்."

"எட்டி என்ன செய்ய? உனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஆனைக்குட்டம் ரோட்டுல பதினாலு நாளா ஓட்டுதேன். வேல விட்டு வந்து சாயங்காலம் சாயங்காலம். சம்சாத்துதான் பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. படிக்கிறவளுக்குத் தாந்த வண்டிதான் தோதுன்னு ஜமாலண்ணன் சொன்னாக."

ஊர்க்காவலனின் கை தட்டிலேயே நின்றது. "எந்த வண்டியில?"

"நாரணாபுரத்துச் சேக்காளி இரவல் வாங்குன வண்டியிலதான்."

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள், கூடவே, பழகுநர் உரிமச் சீட்டையும் எடுத்துத் தட்டருகே வைத்தாள்.

"எல் போர்டு போட்டு ஓட்டுறவளுக்குப் பின்னால லைசென்ஸ் உள்ளவுக உக்காந்து வரணுமாம். சட்டம். அதுக்குத்தான் நீங்க இருக்கீகளே."

"ஊர் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும், போர்மேன் பொண்டாட்டிக்குப் பழக்கிக் குடுக்காருன்னு சொல்லும். இல்ல, கால் எட்டலைன்னு சொல்லும். எது தோதுன்னு நீங்களே சொல்லுங்க."

வியாழக்கிழமை, பழைய உயரத்துக்கு ஏற்றப்பட்ட வண்டி வேகத்தடையை ஓசையின்றிக் கடந்து வாயிலில் நின்றது. வேல்விழி இரு காலையும் தரையில் ஊன்றியிருந்தாள். பின்னால் ஊர்க்காவலன், ஆசிரியருக்குரிய முகபாவத்துடன் அமர்ந்திருந்தார். பெத்தணன் வணக்கம் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

பட்டறைக் கணக்கை வேல்விழியே முன்னதாகத் தீர்த்திருந்தாள். வண்டியை இறக்க அறுநூற்றைம்பது, ஸ்டாண்டு வெட்ட எண்பது, திரும்ப ஏற்ற முந்நூற்றைம்பது. அவற்றோடு, அவள் பழகுநர் உரிமத்துக்குத் தொண்ணூறும், ஆனைக்குட்டம் சாலையில் எரித்த பெட்ரோலுக்கு நூற்றுப்பதினேழும் சேர்த்து, போனஸ் வந்த அன்று ஊர்க்காவலன் மனைவியின் கையில் எண்ணித் திருப்பிக் கொடுத்தது, ரூபாய் ஆயிரத்து இருநூற்று எண்பத்தேழு.