இன்வெர்ட்டருக்கு வந்த குளிர்கால உறை

ஸஹ்லே,
ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி முனீருக்கு அக்கா நஜ்லா எழுதுவது. மொன்ட்ரியலில் நீயும் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நானும் உன் அத்தான் நிக்கோலாவும் உடம்பளவில் சுகம்.

நீ அனுப்பிய உறை பொருந்தியதா என்று கேட்டிருந்தாய். இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மொட்டைமாடியில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டரும் பேட்டரியும் அளவெடுத்துத் தைத்ததுபோல அதற்குள் அடங்கின. அதுதான் பொருத்தம் என்றால் பொருந்தியது. அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துக் கேட்கிறாய் என்றால் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

வெயிலிலும் புழுதியிலும் அந்தப் பெட்டிகள் காய்கின்றன என்று உன்னிடம் போனில் புலம்பியது நான்தான், மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பார்சலைப் பிரித்ததும் நிக்கோலா தடவிப் பார்த்து, "கனடாக்காரன் எதையும் அரைகுறையா செய்யமாட்டான் நஜ்லா, மெத்தை மாதிரி இருக்கு பாரு" என்றார். உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை தாங்கும் என்று சீட்டில் போட்டிருந்தது. நான் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தத் தொடங்கி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. கம்பளி தானாகச் சூடு தராது, இருக்கிற சூட்டை வெளியே விடாது, அவ்வளவுதான் என்று வருடத்துக்கு நான்கு பிரிவுகளில் சொல்கிறேன். அந்தப் பஞ்சுப் பொதியைப் பெட்டிகளுக்கு மாட்டி, நாடாவை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டதும் நான்தான்.

வியாழன் மத்தியானம் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கி, கத்திக் கத்தி அணைந்துவிட்டது. "அரசு வந்தாச்சு" என்று இன்னும் நாங்கள் வரவேற்கும் அந்த அரசாங்கக் கரண்ட் விடியற்காலை ஒரு மணி நேரம் தலைகாட்டுவதோடு சரி. தெருவுக்கே கரண்ட் விற்கும் ஜெனரேட்டரின் இணைப்பையோ நிக்கோலா வசந்த காலத்திலேயே துண்டித்துவிட்டார், துண்டித்ததோடு நில்லாமல் ஜெனரேட்டர்காரரிடம் "இனி நானும் சூரியனும் பார்த்துக்கிறோம்" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் வேர்த்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் எங்கள் ஃப்ரீசரில் கீழ்வீட்டம்மா உம் ரேமோனுடைய கிப்பே, கறி உருண்டை முந்நூற்றைம்பது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் ரேமோனுக்குக் கல்யாணம். தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் அத்தனை பேருக்கும் பொரித்துப் போட, மூன்று நாள் உட்கார்ந்து அவர் தன் கையால் உருட்டியது. அவர் வீட்டு ஜெனரேட்டர் கரண்ட் தினமும் மத்தியானம் ஐந்து மணி நேரம் நின்றுவிடும் என்பதால், எங்கள் சூரியனை நம்பிக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

இன்று காலை எலக்ட்ரீஷியன் மலேக்கைக் கூப்பிட்டேன். விஷயம் தெரிந்து உம் ரேமோன் கீழே தனியாக வைத்திருந்ததில் அவனுக்கென்று நாலு கிப்பே பொரித்து முதலில் மேலே அனுப்பிவிட்டு, பின்னாலேயே காபித் தட்டோடு படியேறி வந்திருக்கிறார். அது எனக்கோ மலேக்குக்கோ தெரியாது. அவன் வாயில் ஒரு கிப்பேயும் கையில் உறையின் ஓரமுமாகக் குனிந்திருந்தான்.

"மூச்சே இல்ல மிஸ்," என்றான். "கொஞ்சம்கூட மூச்சு இல்ல. உள்ள போனது வெளிய வர வழியில்ல. இப்படியே விட்டா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் காலி."

இருபத்தைந்து வருடமாக அங்கே இருக்கிறாய், மறந்திருக்கலாம். இங்கே ஒருத்தியின் சமையலைப் புகழ யாரும் அவள் கையைச் சொல்வதில்லை, மூச்சைத்தான் சொல்வார்கள். அவளுக்கு நல்ல மூச்சு என்றால் சாப்பாடு அமிர்தம். மூச்சில்லை என்று சொல்லிவிட்டால் அவள் அடுப்பை விற்றுவிடலாம்.

படியில் காபித் தட்டு நின்றுவிட்டது. "நாப்பது வருஷமா உருட்டுறேன்," என்றார் உம் ரேமோன், மிக மெதுவாக. "பிஷப்பே சாப்பிட்டிருக்காரு. ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்ல."

"எதை உருட்டுறீங்க?" என்றான் அந்த அறிவாளி, இன்னும் மென்றுகொண்டே.

"ஐயோ, அவன் பெட்டியைச் சொல்றான் உம் ரேமோன், காத்தோட்டத்தைச் சொல்றான்" என்று நான் பின்னாலேயே ஓடினேன். "நீ படிச்சவ, எதுக்கும் ஒரு விளக்கம் வச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு, என் ஃப்ரீசரைத் திறந்து ஏழு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது வாசல் கதவை அறைந்து சாத்தக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மலேக் உறையைக் கழற்றிய கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. இப்போது என் ஃப்ரீசர் பனி பிடித்துக் காலியாக இருக்கிறது. கீழே கரண்ட் இல்லாத ஃப்ரீசரில் ஒரு கல்யாணத்தின் கிப்பே உருகிக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை கதவைத் தட்டினேன். "உம் ரேமோன் தூங்குறாங்க" என்று உள்ளேயிருந்து உம் ரேமோனே பதில் சொன்னார். பதினெட்டு வருட அண்டைவீட்டுப் பழக்கம், முனீர். ஞாயிற்றுக்கிழமை நான் போகலாமா கூடாதா என்றே தெரியவில்லை.

ஆகவே உன் உறையைத் திங்களன்று அங்கே கிளம்பும் பையன் ஹன்னாவின் பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து இனி எதையும் மூடும்படியாக அனுப்பாதே. உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. கடவுள் உங்களைக் குளிரிலிருந்தும், எங்களை உங்கள் அக்கறையிலிருந்தும் காப்பாராக.

அக்கா,
நஜ்லா

பி.கு. சனிக்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் இவ்வளவு நடந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு உம் ரேமோன் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கனடாக் கம்பளி எங்க?" என்றார். ரயாக்கில் இருக்கும் தன் அக்கா வீட்டு ஃப்ரீசருக்குத் தட்டுகளைக் கொண்டுபோகச் சுற்ற வேண்டுமாம். என் ஃப்ரீசரிலேயே வைக்கலாமே, மலேக் சொன்னது உங்கள் கிப்பேயை இல்லையே என்றேன். "தெரியும். நேத்து சாயங்காலமே தெரியும். கோவிச்சுக்கிட்டு எடுத்த தட்டை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்ப வைக்கிறது? அக்கா வேற ஃப்ரீசரக் காலி பண்ணிட்டா" என்றார். விடியற்காலை அரசு வந்திருந்ததால் கிப்பே மறுபடி இறுகித்தான் இருந்தது. வழியில் உருளைக்கிழங்கு லாரி கவிழ்ந்து, இருபது நிமிடப் பாதை இரண்டரை மணி நேரம் ஆனது. ரயாக்கில் பிரித்தபோது முந்நூற்றைம்பதும் கல்லாக இருந்தனவாம். சாயங்காலம் போன் செய்து, "உன் தம்பிக்கு மூளை இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துரு, அந்தச் சாம்பல் கலர் கவுன் வேண்டாம்" என்றார். உறையை அவர் அக்கா திருப்பித் தர மறுக்கிறார், அவருக்குப் பாலாடைக்கட்டி வியாபாரம். ஹன்னாவிடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளாதே, அவனிடம் ஒன்றும் இல்லை. இதே அளவில் இன்னும் இரண்டு அனுப்பு, ஒன்று கல்யாணப் பெண்ணின் தாய்க்கு. இன்வெர்ட்டருக்கு வேண்டாம், அதற்கு நிக்கோலா கடற்கரைக் குடை விரித்து வைத்திருக்கிறார்.